பங்குனியில் கருவாடு போடுவது எப்படி

எங்கள் கிழக்குக் கரையில் ஏப்ரல் 14 இரவுக்குள் விசைப்படகெல்லாம் கரைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2001-ல் கொண்டுவந்தபோது 45 நாள்தான். 2017-ல்தான் இரண்டு மாதமாக நீட்டினார்கள். மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் அதில் எங்களுக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை. கட்டுமரமும் ஃபைபர் படகும் கரையோரமாகப் போய் வரும். ஆனால் அந்த மீன் எங்கள் ஊருக்கே காணாது, விலையும் கிட்டே நெருங்க விடாது. அதனால் சித்திரை, வைகாசியில் வீட்டில் மீன் வாசனை வேண்டுமென்றால் பங்குனியிலேயே கருவாடு போட்டுவிட வேண்டும்.

நான் தரங்கம்பாடியில் பிறந்து நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் வாக்கப்பட்டவள். கருவாடு வியாபாரம்தான் எனக்குப் பிழைப்பு. வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அக்கா, இத நாங்களே வீட்டுல போட முடியாதா?" தாராளமாகப் போடலாம். சொல்கிறேன், என் மகள் தட்டித் தருகிறாள்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கருவாடு வெயிலில் காய்வதாகத்தான் ஊரெல்லாம் நினைப்பு. மீனுக்குள் இருக்கும் தண்ணீரை முதலில் வெளியே இழுப்பது உப்பு. மிச்சத்தைக் கொண்டுபோவது காற்று. வெயில் மூன்றாவது ஆள், அதுவும் பதமாக வர வேண்டிய ஆள். இந்த வரிசையை மாற்றி, மீனை வாங்கிய கையோடு உச்சி வெயிலில் பரப்பினால் மேல்தோல் பலகையாக இறுகிவிடும். உள்ளே ஈரம் அப்படியே சிறைப்படும். தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலத்தான் இருக்கும், பத்து நாளில் நடுவிலிருந்து நாறும்.

மீன் எடுப்பது

"விக்காத மீனத்தானே கருவாடு போடுவாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் போடுகிறவர்களும் உண்டு, மறைக்கவில்லை. வீட்டுக்குப் போடும்போது அந்தக் கணக்கு வேண்டாம். கெட்டுப்போகத் தொடங்கிய மீனை உப்பு திருத்தாது. சூரையும் கானாங்கெளுத்தியும் இதில் மோசம். ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் வெயிலில் கிடந்தாலே அவற்றின் சதையில் ஒருவித நஞ்சு ஊறும். உப்பிட்டாலும் சரி, காயவைத்தாலும் சரி, கொதிக்க வைத்தாலும் சரி, அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். பழசாகிப்போன மீன் செய்த வேலை அது.

துறைமுகத்தில் ஏலம் விடியும் முன்பே சூடு பிடித்துவிடும். தங்கலுக்குப் போன படகு நாள்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வரும், அதன் மீன் ஐஸில் கிடந்தது. போன அன்றைக்கே திரும்பும் படகின் மீன் வேறு. கருவாட்டுக்கு இரண்டாவதுதான் எடுப்பு. ஐஸில் நெடுநாள் கிடந்த மீனின் சதை தளர்ந்திருக்கும். உப்பு பட்டதும் குழையும், காய்ந்தபின் நார்நாராகப் பிரியும்.

ஏலக்காரரிடம் நேரே போய் இரண்டு கிலோ கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அங்கே பேச்சே கூடைக்கணக்கில்தான். கூடையை ஏலம் எடுத்த அக்காமார் ஓரமாக உட்கார்ந்து கூறு வைப்பார்கள், அவர்களிடம் போங்கள். விலை பேசுவதற்கு முன் எந்தப் படகு மீன் என்று கேளுங்கள்.

"அக்கா, இது தங்கல் மீனா, இன்னக்கிப் போனதா?"

"கண்ணப் பாரு தம்பி, இன்னும் முழிச்சுக்கிட்டு கெடக்கு. என்னய வேற கேக்குற."

அவர் சொன்னாலும் நீங்களும் பாருங்கள். செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. நெத்திலியில் வயிறு வெடித்தது கலந்திருந்தால் அந்தக் கூறையே விட்டுவிடுங்கள். நெத்திலிக்கு முதலில் கெடுவது வயிறுதான்.

எந்த மீன் போடலாம்? முதல்முறை போடுகிறவர்கள் நெத்திலி போடுங்கள், காரப்பொடி மீன் போடுங்கள். கை பழகியபின் வாளை, கிழங்கான், பன்னா. அதற்குப் பிறகு பாறை, சுறா, திருக்கை. வஞ்சிரக் கருவாடு கேட்டு வருபவர்களுக்கு நான் விற்கிறேன்தான். ஆனால் நல்ல வஞ்சிரத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் கருவாடாக்குவது எனக்குச் சம்மதமில்லை. அதை அன்றைக்கே வறுத்துத் தின்றுவிட வேண்டும். பாறைக் கருவாடு அதைவிட ருசி, விலையும் பாதிதான்.

இன்னொன்று. துறைமுகப் பக்கம் வருகிறவர்கள் மணலில் குவியல் குவியலாகப் பொடிமீன் காய்வதைப் பார்த்துவிட்டு, கருவாடு இப்படித்தான் போடுவார்கள் போல என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். அது சங்காயம். வலையில் வரும் குட்டிமீனும் உடைசலும். கோழித் தீவனத்துக்கு நாமக்கல் பக்கம் லாரியேறும். மனிதர் தின்னும் கருவாட்டுக்கு மணல் ஆகவே ஆகாது.

உப்பு

பொடியுப்பு வேண்டாம், கல்லுப்பு வாங்குங்கள். பொடியுப்பு பட்ட இடத்தில் தண்ணீரை வெடுக்கென்று இழுத்து மேல்சதையை இறுக்கிவிடும், அப்புறம் உப்பு உள்ளே இறங்காது. கல்லுப்பு மெல்லக் கரைந்து மெல்ல இறங்கும். கல்லை அம்மியில் ஒரு தட்டுத் தட்டி ரவையும் கல்லுமாக உடைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எங்களுக்கு உப்பு வேதாரண்யத்திலிருந்து வருகிறது. 1930 ஏப்ரல் 30-ம் தேதி ராஜாஜி உப்பு அள்ளிக் கைதான அதே அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள்தான். பங்குனியில் அங்கே புது உப்பு வாரிக் குவித்திருப்பார்கள், வெள்ளை வெளேரென்று ஆசையாக இருக்கும். ஆசைப்படாதீர்கள். புது உப்பில் கசப்பு இருக்கும். உப்பைக் குவித்து வைத்திருக்க வைத்திருக்கத்தான் அந்தக் கசப்புநீர் வடிந்து போகும். தவிர, உப்பிலேயே வாழும் கிருமி ஒன்று இருக்கிறது. கருவாடு மேல் செம்புள்ளியாகத் தட்டி வழவழக்கச் செய்வது அதுதான். நாங்கள் 'செவப்படிச்சிருச்சு' என்போம். உலர்வாக நாள்பட்டுக் கிடந்த உப்பில் அந்தத் தொல்லை குறைவு. அதனால் கடையில் போன வருஷத்து உப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அளவு: பெரிய மீனுக்கு நாலு கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு. வாளை, கிழங்கான் மாதிரி நடுத்தர மீனுக்கு ஆறு கிலோவுக்கு ஒரு கிலோ. நெத்திலி, காரப்பொடிக்குப் பத்து கிலோவுக்கு ஒரு கிலோ போதும். உப்பைக் குறைத்துப் போட்டால் உடம்புக்கு நல்லது என்று சிலர் பாதியாக்குவார்கள். உப்பு குறைந்தால் ஈ முட்டையிடும், புழு வைக்கும். உப்பைக் குறைக்க வேண்டிய இடம் அடுப்பங்கரை. சமைக்கும் முன் ஊறவைத்துக் கழுவி எடுத்துவிடலாம்.

கீறுவது, ஊறப்போடுவது

நெத்திலியைக் குடல் எடுக்கத் தேவையில்லை. வீட்டுக்கு மட்டும் என்றால் தலையைக் கிள்ளி எறியலாம், தலையோடு குடலும் கூடவே வந்துவிடும். உப்புத் தண்ணீரில் மூன்று நாலு தடவை அலசுங்கள். தண்ணீர் தெளிந்து வர வேண்டும். அப்புறம் உப்பைத் தூவிப் பிசறி அரைமணி நேரம் வைத்து, கூடையில் வடியவிட்டால் முடிந்தது.

வாளைக்குச் செதில் கிடையாது, வெள்ளிப்பொடி மட்டும் கையெல்லாம் ஒட்டும். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, முழுசாகவோ சாண் அளவுத் துண்டாகவோ உப்பில் ஒரு ராத்திரி வையுங்கள்.

பெரிய மீனில்தான் கைவேலை இருக்கிறது. பாறையை எடுத்துக்கொள்வோம். அரிவாள்மனையில் வயிற்றுப்பக்கம் கீற வேண்டாம், முதுகுப்பக்கம் கீறுங்கள். தலையிலிருந்து வால்வரை நடுமுள்ளை ஒட்டியே இறங்கி, வயிற்றுத்தோல் வெட்டுப்படாமல் புத்தகம் போல விரித்துவிட வேண்டும். செவுளையும் குடலையும் எடுத்தபின் நடுமுள்ளின் அடியில் பாருங்கள். கருஞ்சிவப்பாக ஒரு கோடு உறைந்து கிடக்கும். மேலே மெல்லிய சவ்வு மூடியிருப்பதால் தண்ணீர் ஊற்றினால் மட்டும் போகாது. கத்தி முனையால் சவ்வைக் கீறி, கட்டைவிரல் நகத்தால் வாலிலிருந்து தலைப்பக்கமாக வழிக்க வேண்டும். கெட்டியான ரத்தம் மெழுகு மாதிரிச் சுருண்டு வரும். கண்ணில் படாத அந்த ஒரு கோட்டால் கெட்டுப்போன பெரிய மீன் கருவாடுதான் அதிகம். என் மாமியார் எல்லாவற்றையும் என்னிடம் விட்டாலும் இந்த வழிப்பை மட்டும் தானே பார்த்த பிறகுதான் உப்பைத் தொட விடுவார்.

சதை கனமாக இருக்கும் இடத்தில் இரண்டு விரல் இடைவெளியில் ஆழமாகக் கீறல் போட்டு, கீறலுக்குள் உப்பைத் திணியுங்கள். மண்பானையிலோ பிளாஸ்டிக் டப்பிலோ அடியில் உப்புப் பரப்பி, தோல் கீழே, சதை மேலே இருக்கும்படி அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் உப்பு. கடைசி அடுக்கை மட்டும் தோல் மேலே வரும்படி கவிழ்த்து, பலகை வைத்து மேலே கல் ஏற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், உப்பு அதைத் தின்றுவிடும். மறுநாள் பார்த்தால் மீனே தண்ணீர் விட்டு அதில் முழுகிக் கிடக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள். அந்த உப்புநீருக்குள் கிடந்தால்தான் ஊறும். ஒன்றரை நாள், மீன் தடியாக இருந்தால் இரண்டு நாள்.

எடுத்ததும் அதே நீரில் ஒரு அலசு, நல்ல தண்ணீரில் சட்டென்று ஒரு முக்கு. ஒட்டியிருக்கும் உப்புக்கல் போனால் போதும். அது அப்படியே இருந்தால் காய்ந்தபின் வெள்ளையாகப் பூத்து, மழைநாளில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும்.

காயப்போடுவது

தரையில் போடாதீர்கள். நாலு சவுக்குக் கட்டை நட்டு, இடுப்பளவு உயரத்தில் பழைய வலையை இழுத்துக் கட்டுங்கள். மேலேயும் காற்று, கீழேயும் காற்று. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் சிமெண்டுத் தளங்கள் கட்டித் தந்தார்கள். மணலுக்கு அது எவ்வளவோ தேவலை. ஆனால் மத்தியானம் அந்தத் தளம் அடுப்பாகக் கொதிக்கும், அடிப்பக்கம் வெந்துவிடும். வலைப்பந்தலுக்கு ஈடில்லை.

பங்குனியில் காலையில் கரைக்காற்று அடிக்கும், உலர்ந்த காற்று. மீன் பரப்ப அதுதான் நேரம். வெயில் ஏறும் முன் பரப்பிவிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் காற்றிலேயே மேல் ஈரம் வாங்கிவிடும். உச்சிப் பொழுதையொட்டிக் கடல்காற்று திரும்பும். சோழகம் என்கிற தென்காற்றும் சேர்ந்துகொண்டால் தாவணி பறக்கிற வேகம் இருக்கும். அது குளிர்ச்சியாக இருந்தாலும் ஈரக்காற்று. முதல்நாள் மட்டும் பதினொரு மணிக்குமேல் பெரிய மீன் மேல் ஓலைத்தட்டியோ மெல்லிய துணியோ போட்டு நேர்வெயிலை மறையுங்கள். மறுநாள் முதல் திறந்தே காயலாம். நெத்திலிக்கு இந்தக் கவலை இல்லை, ஒற்றை அடுக்காகப் பரப்பி இரண்டு தடவை புரட்டினால் போதும். வாளையை வாலில் கயிறு போட்டுக் கொடியில் தொங்கவிடுவது எனக்குப் பிடித்த முறை.

ஈ மொய்ப்பது ஈரமாக இருக்கும் முதல் சில மணி நேரம்தான். அந்த நேரத்துக்குக் கொசுவலை போட்டு நாலு பக்கமும் கல் வையுங்கள். மஞ்சள்தூள் தடவுகிறவர்கள் தடவலாம், வாசனைக்கு ஆகும். ஈக்கு உப்பும் வலையும்தான் கணக்கு. பூச்சிமருந்து தெளிக்கிற பாவிகளும் இருக்கிறார்கள். வெளியே கருவாடு வாங்கும்போது, திறந்து கிடக்கிற ஈரக் கருவாட்டின் மேல் ஒரு ஈகூட உட்காரவில்லை என்றால் சுத்தம் என்று மெச்சாமல் நகர்ந்து வந்துவிடுங்கள்.

பொழுது சாயும் முன் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ராத்திரிப் பனி பட்டால் அன்றைக்குக் காய்ந்தது வீண். எடுத்ததைப் பரப்பி வைக்காதீர்கள். சாக்கில் நெருக்கமாக அடுக்கி, மேலே இன்னொரு சாக்கைப் போட்டுப் பலகையும் கல்லும் ஏற்றுங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை. பகலில் மேல்பக்கம் காய்ந்துவிடும், நடுச்சதையில் ஈரம் நிற்கும். ராத்திரி முழுக்க அழுத்தத்தில் கிடக்கும்போது அந்த உள்ளீரம் கசிந்து மேலே வரும். காலையில் சாக்கைத் தூக்கினால் நேற்று விறைப்பாக இருந்த கருவாடு தொய்ந்து ஈரம் கண்டிருக்கும். பயந்துவிடாதீர்கள், அதற்காகத்தான் வைத்தது. மறுபடி கரைக்காற்றில் பரப்புங்கள். மேலே வந்த ஈரம் சுலபமாகப் போய்விடும். பாறைக்கு மூன்று நாலு நாள் இப்படி மாற்றி மாற்றிச் செய்தால் நடுமுள்வரை காயும்.

பதம் பார்ப்பது: நெத்திலியை அள்ளினால் சலசலவென்று சத்தம் வர வேண்டும். ஒன்றை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். பெரிய கருவாட்டில் சதை தடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், குழி விழக் கூடாது, விரலில் பிசுக்கு ஒட்டக் கூடாது. கை பழகாதவர்கள் தராசை நம்புங்கள். தினமும் சாயங்காலம் எடை போட்டு, எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்தது என்று கணக்கு. நாலு கிலோ நெத்திலி போட்டால் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். இதைத் தெரிந்துகொண்டபின் என்னிடம் விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேச மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மாடியில் போடுகிறவர்களுக்கு

டவுனில் இருப்பவர்கள் நெத்திலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வேலை, வாடையும் குறைவு. பழைய கட்டில் சட்டத்தில் வலையைக் கட்டினால் பந்தல் ஆயிற்று. காக்காய்க்குக் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிடலாம், ஒரு நாள் பயப்படும். பூனைக்கு உயரம்தான் மருந்து.

பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "அக்கா, ரெண்டு நாளைக்குக் கருவாடு காயப் போடுறேன், துணிய மட்டும் அந்தப் பக்கக் கொடியில போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, காய்ந்ததும் ஒரு பிடி கொண்டுபோய்க் கொடுங்கள். சைவ வீடாக இருந்தால் அந்த மாடியை மறந்துவிட்டு ஊருக்குப் போகும்போது போட்டுக்கொள்வதுதான் மரியாதை.

குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்று மே கடைசி வரை இருந்தால் மழை பிடித்துக்கொள்ளும். நீங்களும் பங்குனி, சித்திரையிலேயே முடித்துவிடுங்கள்.

எடுத்து வைப்பது

காய்ந்த சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது, உள்ளே வியர்க்கும். நிழலில் ஆறவிட்டு, காகிதத்தில் சுற்றி மண்பானையிலோ பனையோலைப் பெட்டியிலோ வையுங்கள். நடுநடுவே காய்ந்த மிளகாய் போட்டால் பூச்சி அண்டாது. பிளாஸ்டிக் பைதான் இருக்கிறதென்றால் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், வெளியே வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை காலை வெயில் காட்டுங்கள்.

தடைக்காலத்தில் எங்கள் துறைமுகத்தில் சத்தமே வேறாக இருக்கும். படகைக் கரையேற்றிச் சுரண்டுவதும், பலகை மாற்றுவதும், பெயிண்ட் அடிப்பதும், இன்ஜினைப் பிரிப்பதுமாக ஆண்கள் கரையிலேயே கிடப்பார்கள். நிழல் இருக்கும் இடமெல்லாம் வலை பின்னுவார்கள். அரசாங்கம் குடும்பத்துக்கு எட்டாயிரம் ரூபாய் நிவாரணம் தருகிறது. இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? அந்த இரண்டு மாதமும் வீட்டுக்குள் காசு வருவது எங்கள் கருவாட்டுக் கூடையிலிருந்துதான். சித்திரையில் விலை ஏறுகிறது என்று குறைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சமைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் அம்மாவுக்குத் தெரியும். பெரிய கருவாட்டை அரிசி கழுவிய தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். குழம்பில் புளியைக் குறைத்து மாங்காய் போடுங்கள், சித்திரையில் மாங்காய்க்கு என்ன பஞ்சம். கருவாடு போட்ட பிறகு ருசி பார்த்துவிட்டுத்தான் உப்பு. நெத்திலியைச் சுடுதண்ணீரில் ஒரு அலசு அலசி, சின்ன வெங்காயமும் மிளகாயும் போட்டு வறுத்தால் கூழுக்கும் பழைய சோற்றுக்கும் வேறெதுவும் கேட்காது. ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் தொட்டுக்கொள்வதோடு நிறுத்துங்கள்.

செம்புள்ளி தட்டியது, பஞ்சாகப் பூசணம் பூத்தது, அமோனியா மாதிரிச் சுருக்கென்று மூக்கில் ஏறுவது, இந்த மூன்றையும் கழுவி வெயிலில் போட்டுச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், எறிந்துவிடுங்கள். மீதியை ஐப்பசி மழைக்கு முன் தின்று தீர்த்துவிடுங்கள். அடைமழையில் எந்தப் பானையிலும் கருவாடு நிற்காது. அதற்குள் புதுமீன் மலிந்திருக்கும்.